வாங்காத வாடகைக்கு வரி

பிள்ளைப்பாக்கத்தில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அக்கா, தன் கைக்கு வராத வாடகைக்கு முப்பத்திரண்டாயிரம் ரூபாய் வரி கட்ட வேண்டியவராக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டார். அவருடைய ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேலான பணம் அது. அவரை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று நான் தேடினேன். தேடிய வழியில் யார் யாரையெல்லாம் சந்தேகப்பட்டேன் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில், வெளியிலிருந்து வரும் சரக்கைச் சோதித்து உள்ளே விடுவது என் வேலை. லாரியோடு ஒரு சர்டிபிகேட் வரும். அதில் எல்லா அளவும் சரியாகத்தான் இருக்கும். எந்த அளவை எழுதினால் நான் சரக்கை வாங்குவேன் என்பது எழுதியவனுக்குத் தெரியாதா? அதனால் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஐந்து உருப்படியை எடுத்து நானே அளப்பேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். பத்து வருடம் இதையே செய்தால் அது வேலை நேரத்தோடு நிற்காது. ஓட்டல் பில்லைக் கூட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க மாட்டேன். பெட்ரோல் பங்கில் வண்டியை விட்டு இறங்கி, மீட்டரில் பூஜ்யம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பேன். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால் இன்னும் ஒருமுறை பார்ப்பேன்.

அப்படிப்பட்டவனுடைய சம்பளத்தில் ஒரு ஜனவரியில் ஆறாயிரத்து நானூற்றுச் சொச்சம் காணாமல் போனது. சம்பளச் சீட்டில் வருமான வரி என்று ஒரு வரி, அதற்கு எதிரே அந்தத் தொகை. டிசம்பர் வரை அந்த இடத்தில் பூஜ்யம்தான் இருந்தது. வருடம் முழுக்க இல்லாத வரி கடைசி மூன்று மாதத்தில் எங்கிருந்து முளைக்கிறது? கம்பெனிக்காரன் கை வைத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன்.

கேன்டீனில் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சம்பளம் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டால் மொத்தச் சம்பளத்துக்கும் இருபது சதவீதம் போய்விடும் என்றார் உற்பத்தி லைனில் இருக்கும் ஒருவர். அந்தப் பயத்தில் அவர் ஜனவரி பிறந்ததிலிருந்து ஓ.டி. பார்ப்பதையே நிறுத்தியிருந்தார். சூப்பர்வைசர் கெஞ்சியும், "ஓ.டி. பாத்தா கவர்மெண்ட்டுக்குத்தான் பாக்கணும், எனுக்கு இன்னா வந்துச்சு?" என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். எனக்கு அதுவும் நம்பும்படியாக இல்லை. சம்பளப் பிரிவுக்கே போனேன்.

அங்கே குன்றத்தூரிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தார். என்னைப் போல நாற்பது பேர் அன்று அவரிடம் வந்து போயிருக்க வேண்டும். முகத்தில் அந்தக் களைப்பு இருந்தது.

"சார், கோபப்படாம உக்காருங்க. ஒண்ணொண்ணா சொல்றேன், நீங்களே எழுதிக்கங்க" என்று ஒரு காகிதத்தைத் தள்ளினார்.

எழுதினேன். என் வருடச் சம்பளம் ஆறு லட்சத்து முப்பதாயிரம். சம்பளம் வாங்குகிறவர் எல்லாருக்கும் பொதுவாக ஐம்பதாயிரம் கழிவு உண்டு. அதைக் கழித்தால் ஐந்து எண்பது. பி.எஃப்., இன்ஷூரன்ஸ், தொழில் வரி எல்லாம் சேர்ந்து இன்னொரு ஐம்பதாயிரம். அதையும் கழித்தால் ஐந்து லட்சத்து முப்பதாயிரம். வரி போடுவது இந்தத் தொகைக்குத்தான். இதில் முதல் இரண்டரை லட்சத்துக்கு ஒன்றும் கிடையாது. அடுத்த இரண்டரை லட்சத்துக்கு ஐந்து சதவீதம், பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. அதற்கு மேலே நிற்கும் முப்பதாயிரத்துக்கு இருபது சதவீதம், ஆறாயிரம்.

"மொத்தத்துக்கும் இருபது இல்லையா?"

"மேல இருக்கறதுக்கு மட்டும்தான் சார். கீழ இருக்கற பணத்தை யாரும் தொட மாட்டாங்க. எத்தனை பேருக்குத்தான் சொல்றது, அந்த ஓ.டி. பாக்காதவரு உட்பட."

பதினெட்டாயிரத்து ஐந்நூறு. அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி நான்கு சதவீதம். மொத்தம் பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது. டிசம்பர் வரைக்கும் நான் முதலில் எழுதிக் கொடுத்த உத்தேசச் சேமிப்பை நம்பி ஒன்றும் பிடிக்கவில்லையாம். ஜனவரியில் அத்தாட்சி கேட்டபோது நான் கொடுக்கவில்லை. அதனால் மிச்சமிருக்கும் மூன்று மாதத்தில் வகுத்துப் பிடிக்கிறார்களாம்.

அந்தப் பெண் சொன்னதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்து, தப்பைக் கண்டுபிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். சட்ட விவரங்களை இணையத்தில் மூன்று இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். ரூபாய் பிசகாமல் அவர் சொன்னது சரியாக இருந்தது. ஏமாற்றப்படவில்லை என்று தெரிந்தால் மனிதனுக்கு நிம்மதி வர வேண்டும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வரி போடும் தொகை ஐந்து லட்சத்துக்குள் நின்றுவிட்டால், அந்தப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். வரியே பூஜ்யம். ஐந்து லட்சத்துக்கு மேல் கொஞ்சம் ஏறினாலும் தள்ளுபடி மொத்தமும் போய்விடும். ஆக நான் முப்பதாயிரம் ஏறி நிற்கிற குற்றத்துக்குத்தான் பத்தொன்பதாயிரம் தண்டம். எப்படியாவது முப்பதாயிரத்தைக் கீழே இறக்கிவிட்டால் போதும்.

வாடகை இருக்கிறதே என்று அந்தக் கணக்கையும் போட்டேன். சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி என்று ஒரு பகுதி வருகிறது. அதில் எவ்வளவுக்கு வரி கிடையாது என்பதற்கு மூன்று தொகையைப் பார்த்து, எது குறைவோ அதை எடுக்கிறார்கள். என் விஷயத்தில் குறைவாக வந்தது, கட்டிய வாடகையிலிருந்து அடிப்படைச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் வருகிற தொகை. பிள்ளைப்பாக்கம் மாடி வீட்டில் நாங்கள் நான்கு பேர். வாடகை பன்னிரண்டாயிரம். ஆளுக்கு மூவாயிரம். என் பங்கு வருடத்துக்கு முப்பத்தாறாயிரம். அதில் அந்தப் பத்தில் ஒரு பங்கு, முப்பத்தோராயிரத்து இருநூறைக் கழித்தால் நாலாயிரத்து எண்ணூறு.

ஒரு வருடம் பூராவும் கட்டிய வாடகைக்கு நாலாயிரத்து எண்ணூறு! இந்தச் சட்டத்தை எழுதியவன் வாடகை வீட்டில் இருந்திருக்கவே மாட்டான் என்று தோன்றியது. ஐந்து லட்சத்துக்கு மேல் இன்னும் இருபத்தைந்தாயிரத்து இருநூறு துருத்திக்கொண்டு நின்றது.

பன்னிரண்டாயிரம் என்று போட்டுப் பார்த்தேன். சும்மா பார்க்கத்தான். கழிவு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு வந்தது. வரி பூஜ்யம்.

அது பொய் இல்லை என்பதற்கு எனக்கு உடனே ஒரு நியாயமும் கிடைத்தது. மற்ற மூன்று பேரும் ஒன்றாம் தேதி மூவாயிரம் மூவாயிரமாக எனக்கு அனுப்புவார்கள். நான் மொத்தமாகப் பன்னிரண்டாயிரத்தை அக்காவுக்கு ஜி.பே. செய்வேன். எங்கள் வீட்டில் முதலிலிருந்தே அப்படித்தான் நடக்கிறது, அக்காவுக்கும் நான்கு தடவை பார்க்கிற வேலை இல்லை. ஆக என் பேங்க் ஸ்டேட்மெண்ட்டைப் பார்த்தால் மாதம் பன்னிரண்டாயிரம் என் கணக்கிலிருந்துதான் போகிறது. காகிதம் சரியாக இருந்தது. மூன்று பேர் எனக்கு அனுப்பியது தனியாக வேறு பக்கத்தில் இருக்கும், அதை யார் கூட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் நம்பரைக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கார அக்கா தண்டலம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் இறந்தபிறகு, அவருடைய பணத்தைப் போட்டு மாடியைக் கட்டி வாடகைக்கு விட்டவர். ஒரே மகள், வெளியூரில் படிக்கிறாள். கீழ்வீட்டில் அக்கா மட்டும். மூன்று வருடத்தில் வாடகை ஏற்றவில்லை. அதுவே எனக்குச் சந்தேகம். ஒரு மனுஷி வாடகை ஏற்றாமல் இருக்கிறார் என்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்க வேண்டும் அல்லவா?

காலையில் யூனிஃபார்மோடு பையை மாட்டிக்கொண்டு அவர் கேட்டைப் பூட்டும்போது போய் நின்றேன். பான் நம்பர் என்றதும் பூட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"பான் கார்டா? அது எதுக்குப்பா ஒனக்கு?"

அந்தத் தயக்கத்தை நான் உடனே குறித்துக்கொண்டேன். வாடகையை எங்கேயும் கணக்கில் காட்டுவதில்லை போலிருக்கிறது, அதுதான் பயப்படுகிறார். அப்படியானால் நாம் கொஞ்சம் அதிகமாக எழுதினால் இவர் எங்கே போய்ச் சொல்லப் போகிறார் என்று ஒரு தைரியம்கூட வந்தது. எனக்கு இப்போது நினைத்தால் அருவருப்பாக இருப்பது இந்த இடம்தான்.

"ஆபீஸ்ல வீட்டோட முழு வாடகையையும் எழுதித்தான் குடுக்கணுமாம்க்கா. அதுதான் ரூலாம். சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்றேன்.

"முழுசுமா? நீ மூவாயிரம்தான குடுக்கறே?"

"பணம் என் கணக்குலேருந்துதானக்கா வருது. அதனால அப்படி."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் தயாராக எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப்பும் ஒட்டி வைத்திருந்த ரசீதைக் கேட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பான் நம்பரை போனிலிருந்து பார்த்துச் சொன்னார்.

"மத்தவங்ககிட்ட இதச் சொல்லிக்க வேண்டாம்க்கா" என்றேன்.

"நான் ஏன்பா சொல்லப்போறேன்" என்று அவர் நடந்துவிட்டார்.

பிப்ரவரியிலும் மார்ச்சிலும் என் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. ஜனவரியில் பிடித்ததும் ரிட்டர்ன் போட்டபிறகு திரும்பி வந்தது. நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். கணக்கு தெரிந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்று.

பிறகு ஒன்றரை வருடம் கழித்துத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து, சர்ச் புடவையோடு அக்கா மாடி ஏறி வந்தார். அவர் மாடிக்கு வருவதே அபூர்வம். அறையில் நான் மட்டும் இருந்தேன். மற்றவர்கள் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார்கள். போனை நீட்டினார்.

"தம்பி, இது இன்னான்னு பாரேன். இன்கம் டாக்ஸ்னு கீது. வருஷா வருஷம் எனுக்கு ஃபைல் பண்றவரு போனே எடுக்கமாட்டன்றாரு."

அவர் காட்டிய வருமானமும் துறைக்குக் கிடைத்திருக்கும் தகவலும் ஒத்துப்போகவில்லை, சரிபார்த்துத் திருத்துங்கள் என்று செய்தி வந்திருந்தது. எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. நான் நினைத்தது சரிதான், அக்கா எதையோ மறைத்திருக்கிறார்!

நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

"வேற எங்கயாவது வாடகை வருதாக்கா?"

"இல்லியே."

"குன்றத்தூர்ல உங்க அம்மா வீடு ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்களே?"

"அது பூட்டிக்கீது தம்பி. கூரை எறங்கிப்போச்சு, அத யாரு கேப்பாங்க?"

"நகை வித்தது, பேங்க்ல டெபாசிட், அப்படி எதாவது? எங்கிட்ட மறைக்காம சொல்லுங்கக்கா. மறைச்சா பின்னாடி நமக்குத்தான் கஷ்டம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையையும் நான் என் கணக்கில் குற்றமாகத்தான் எழுதிக்கொண்டேன்.

அவர் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை வாங்கி, என் லேப்டாப்பில் அவருடைய வரிக் கணக்கைத் திறந்தேன். முதலில் அவர் போட்டிருந்த ரிட்டர்னைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சம்பளம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வாடகை ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். மகளின் படிப்புக் கடனுக்கு ரிட்டர்ன் கேட்கிறார்கள் என்று வருடம் தவறாமல் போட்டுவருகிறாராம். வாங்கிய வாடகையில் ஒரு ரூபாய் குறைக்காமல் காட்டியிருந்தார். நான் கொஞ்சம் ஏமாந்துபோனேன் என்றே சொல்ல வேண்டும்.

அடுத்ததாக, துறைக்கு வந்திருக்கும் தகவல்களின் பட்டியலைத் திறந்தேன். வாடகை என்ற தலைப்பில் ஐந்து லட்சத்து எழுபத்தாறாயிரம் என்று இருந்தது. அதை விரித்தால் நான்கு பதிவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைத் தெரிவித்த கம்பெனியின் பெயர். மூன்றாவது பதிவில் என் கம்பெனி.

அக்கா எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று, வாய்விட்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார்.

"இது இன்னாப்பா? நான் கம்பெனிக்கா வூடு வுட்டேன்?"

"சிஸ்டத்துல எதோ தப்பா ஏறியிருக்கும்க்கா. நான் பாத்துச் சொல்றேன்."

"அப்டியே வுட்டா எவ்ளோ கட்டணும்?"

கணக்குப் போட்டேன். வாடகையில் முப்பது சதவீதம் பராமரிப்புக்கென்று கழித்துக்கொள்ளலாம். உண்மையான வாடகைக்கு அவருடைய வரி பூஜ்யம். இந்த நான்கு பதிவும் உண்மை என்று எடுத்துக்கொண்டால், அவரும் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடுகிறார். முப்பத்திரண்டாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு ரூபாய். வட்டி தனி. தொகையைச் சொன்னேன்.

"நான் வாங்கவே இல்லியே தம்பி" என்றார். அதை இரண்டு தடவை சொன்னார். பிறகு படியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு பதிவு என்னுடையது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். மற்ற மூன்று? அறையில் இருக்கும் மூன்று பேரும் என் ரசீதை எப்போதோ பார்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். பீரோவில்தான் வைத்திருந்தேன், பூட்டவில்லை. நான் மட்டும் செய்திருந்தால் இந்தச் செய்தி வந்தே இருக்காது, இவர்கள் பேராசைப்பட்டதால்தான் குட்டு வெளிப்பட்டது என்று அவர்கள்மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. திருடனுக்கு மற்றத் திருடர்கள்மேல் வருகிற கோபம்.

மார்க்கெட்டிலிருந்து முதலில் திரும்பியவர் விருதுநகர்க்காரர். வேறொரு கம்பெனியில் வார்ப்படப் பிரிவில் இருப்பவர். எங்களில் மூத்தவர். மீனைத் தொட்டியில் கொட்டி அலசிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"போன வருஷம் ஜனவரில வாடகை ரசீது குடுத்தீங்களே, எவ்வளவுன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"பன்னெண்டாயிரம். ஏன்?"

கூச்சமே இல்லாமல் சொன்னார். எனக்கு இன்னும் ஏறியது.

"நீங்க குடுக்கறது மூவாயிரம். எந்தத் தைரியத்துல பன்னெண்டு எழுதுனீங்க?"

"நான் எங்க எழுதுனேன்? மூவாயிரம்னு எழுதித்தான்யா அக்காட்ட கையெழுத்துக்குப் போனேன். அவங்கதான், ஆபீஸ்ல முழு வாடகையும் எழுதணுமாமே, அதுதான் ரூலாம்னு சொல்லி, வேற ரசீது அவங்க கையாலயே எழுதிக் குடுத்தாங்க. பான் நம்பரும் போட்டுக் குடுத்தாங்க. மத்த ரெண்டு பேருக்கும் அப்படித்தான். ஒருத்தருக்கு எழுதிக் குடுத்துட்டு இன்னொருத்தருக்குக் கொறச்சு எழுதுனா நல்லாருக்காதுன்னாங்க."

தொட்டியில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. நான் இன்னும் ஒரு கேள்வி கேட்டேன். எதற்குக் கேட்டேன் என்று தெரியவில்லை, பழக்கதோஷம்.

"அவங்களுக்கு யாரு சொன்னாங்களாம், அந்த ரூல?"

"அதக் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க. யாரோ சொல்லிக்க வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்களாம்." அவர் கையை உதறிக்கொண்டு திரும்பினார். "ஆமா, நீ எவ்வளவு போட்ட?"

"மூவாயிரம்தான்" என்றேன்.

அந்தப் பொய் எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. முதல் பொய்க்காவது உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

திங்களும் செவ்வாயும் வேலைக்குப் போய்வந்தேன். வரும்போதும் போகும்போதும் கீழ்வீட்டுக் கதவைத் தாண்டித்தான் படி ஏற வேண்டும். அக்கா வாசலில் இருந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏறிவிடுவேன். அறையில் உட்கார்ந்து அந்த வருடத்துக் கணக்கை மறுபடி போட்டேன். யாரையும் பிடிப்பதற்காக இல்லை. முதல்முறையாக, அந்தக் கணக்கு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்காக.

உண்மையான வாடகையைக் காட்டியிருந்தால் நான் ஐந்து லட்சத்துக்கு மேல் இருபத்தைந்தாயிரத்து இருநூறு ரூபாய் அதிகமாக இருந்திருப்பேன். அந்த இருபத்தைந்தாயிரத்து இருநூறை மார்ச்சுக்குள் வரிக்கழிவு உள்ள தபால் ஆபீஸ் சேமிப்பில், என் பெயரிலேயே, எனக்கே திரும்பி வருகிற மாதிரி போட்டிருந்தால் போதும். வரி சட்டப்படியே பூஜ்யம் ஆகியிருக்கும். பணமும் எங்கேயும் போயிருக்காது. அந்தச் சம்பளப் பிரிவுப் பெண் அதைச் சொன்னதும் நினைவு வந்தது. "சேவிங்ஸ்ல இன்னும் இடம் இருக்கு சார், போடறீங்களா?" என்று கேட்டார். பணத்தை எதிலோ முடக்கப் பார்க்கிறார், கமிஷன் வரும் போல என்று நினைத்து நான் பதில்கூடச் சொல்லவில்லை.

இன்னொன்றும் தெரிந்தது. மூவாயிரம் என்று எழுதியிருந்தால் வருட வாடகை முப்பத்தாறாயிரம்தான். ஒரு லட்சத்தைத் தாண்டாது. அக்காவின் பான் நம்பரே யாருக்கும் தேவைப்பட்டிருக்காது. நான்கு கம்பெனிக் காகிதத்திலும் அவருடைய நம்பர் ஏறியதற்கு ஒரே காரணம் என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு வாக்கியம். மூன்று பேரும் நேர்மையாகத்தான் போயிருக்கிறார்கள். அக்கா நியாயமாகத்தான் நடந்திருக்கிறார். ஊரில் எல்லாரையும் அளந்து பார்த்தவன் நான்.

புதன்கிழமை லீவு போட்டேன். அக்கா வெளியே குழாயடியில் யூனிஃபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். சுற்றி வளைத்துப் பேசுவதற்கு நிறைய யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"அக்கா, அந்த ரூல்னு ஒண்ணும் கிடையாது. நான்தான் பொய் சொன்னேன். எனக்கு வரி வராம இருக்கறதுக்காகச் சொன்னேன்."

அவர் சட்டையை முறுக்கிப் பிழிந்தார். உதறிக் கொடியில் போட்டார். இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினார்.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே, மேல, ஒன் கம்பெனி பேரு படிச்சேன் இல்ல, அப்பவே தெரியும். நீ சொன்னதுதான மத்தவங்களுக்கும் சொன்னேன். நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்லப்பா."

"அப்பவே கேட்டிருக்கலாமேக்கா."

"நீயா வந்து சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன். மூணு நாளா போன காதுல வச்சிகினு ஏறி எறங்கறே. போன்ல யாரும் பேசல, அதுவும் தெரியும்." அடுத்த சட்டையை எடுத்தவர் அதை வாளியிலேயே விட்டார். "பணம்கூட பரவால்ல. நீயே பண்ணிட்டு, என்னிய உக்காரவச்சி, வேற எங்க வாடகை வாங்கறேன்னு கேட்டே பாரு. எங்கம்மா வூட்டக்கூட இழுத்தியே. அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் "இப்ப இன்னா பண்ணணும், அதச் சொல்லு" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலையே மற்ற மூன்று பேரிடமும் சொன்னேன். விருதுநகர்க்காரர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து, "மூவாயிரம்தான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு கடிதம் எழுதினோம். நான் கொடுத்த வாடகை மாதம் மூவாயிரம், வருடம் முப்பத்தாறாயிரம் மட்டுமே, ரசீதில் உள்ளது தவறு என்று. அக்கா அதை வைத்து, தகவல் தவறு என்று பதில் போட்டார். கூடவே நான்கு பேரின் மாதப் பணப் பரிமாற்றத்தையும் இணைத்தோம். நான் அந்த வருடத்துக்குத் திருத்திய ரிட்டர்ன் போட்டு, வரி, வட்டி, தாமதத்துக்கான கூடுதல் எல்லாமாக முப்பதாயிரத்துக்கு மேல் கட்டினேன். மற்ற இரண்டு பேருக்குச் சம்பளமே ஐந்து லட்சத்துக்குள் என்பதால் எப்படிப் பார்த்தாலும் வரி இல்லை. அவர்கள் ரசீது கொடுத்ததே வீண். விருதுநகர்க்காரருக்குக் கொஞ்சம் வந்தது. அதை நான் தருகிறேன் என்றேன். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது. எண்ணி வாங்கிக்கொண்டார்.

அக்காவுக்கு வரி கேட்டு வரவில்லை. ஆனால் அது முடிந்துவிட்டது என்று தெரிய ஐந்தாறு மாதம் ஆயிற்று. அத்தனை மாதமும் போனில் மணி அடித்தால் அவர் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். ஆஃபர் விளம்பரம் வந்தாலும் கூப்பிட்டார். நானும் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய்ப் படித்துச் சொன்னேன்.

இப்போது எங்களில் பெரும்பாலோர் புது வரி முறைக்கு மாறிவிட்டோம். அதில் வாடகையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை, கம்பெனியும் ரசீது கேட்பதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் மாதா மாதம் ரசீது உண்டு. வாடகையை நான் மொத்தமாக அனுப்புவதை அக்கா நிறுத்திவிட்டார். நாலு பேரும் தனித்தனியாக அனுப்புகிறோம். அனுப்பியதும் மற்ற மூன்று பேருக்கும் அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாடிப்படியில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டுப் போகிறார்.

என்னை மட்டும் கீழே கூப்பிடுகிறார். பேனாவைக் கொடுத்து, என் கையாலேயே எழுதச் சொல்கிறார். மூவாயிரம் என்று எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை. எழுதிக் கொடுத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படிக்கிறார். டீ வேணுமா என்று கேட்கிறார், ஊரில் எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறார், அதிலெல்லாம் ஒரு குறையும் இல்லை. பேசிக்கொண்டே இன்னொரு முறையும் படிக்கிறார். கையெழுத்தை அதற்குப் பிறகுதான் போடுகிறார்.